தாத்தாவின் பயம் பேரனிடம்: ஆதிவாசிக் குடும்பங்களுக்கு மனத்துணையாக இருப்பது எப்படி

என் பாட்டி சாகிறவரைக்கும் ஒரு தகரப் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. மலையகத் தமிழரில் பெரும் பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை மலையகத்திலிருந்து கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, லயத்துக்கு, வந்து சேர்ந்தவர். வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் அந்தப் பெட்டியில் இரண்டு சேலை, பழைய பாஸ்போர்ட், ஒரு டம்ளர் எல்லாம் கிளம்பத் தயாராக இருக்கும். அம்மா இங்கே பிறந்தவர், எந்த முகாமையும் பார்த்ததில்லை, ஆனால் ரேஷன் கார்டை நகலெடுத்து வீட்டுக்குள் மூன்று இடத்தில் ஒளித்து வைத்திருப்பார். நான் இன்றைக்கும் செக்போஸ்ட்டில் பஸ் நின்றால் என்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறேன். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

தலைமுறைக் காயம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பெட்டியைத்தான் சொல்வேன். நடந்தது ஒருவருக்கு, ஆனால் பயம் வீட்டுக்குள் தங்கிவிடுகிறது. கதையாகக்கூட வருவதில்லை, பேசாமல் இருப்பதில் வருகிறது, பிள்ளையை அடக்கி வளர்ப்பதில் வருகிறது. உடம்புக்குள்ளேயே, ரத்த வழியாகவே இறங்குகிறதா என்ற ஆராய்ச்சி இன்னும் முடிவுக்கு வரவில்லை, அதை வைத்துக்கொண்டு யாரையும் பயமுறுத்த வேண்டாம். வீட்டு வழியாக இறங்குகிறது என்பது நமக்கே தெரியும்.

எங்கள் லயத்துக்கு நாலு எட்டில் பணியர் காலனி இருக்கிறது. கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று ஐந்து ஆதிவாசி மக்கள் இருக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போகிற ஆசிரியர், செவிலியர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இருக்கிற அக்காமார், சங்கத்துப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பல வருஷமாகப் போய்வந்து, தப்பு செய்து, கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

போவதற்கு முன்னால்

முதலில் ஊர்க்கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். எதிரில் இருக்கிறவரைக் கேள்வி கேட்டு வரலாறு படிக்கக் கூடாது. நம் பகுதி முன்பு தென்கிழக்கு வயநாடு, 1877-இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். நிலமெல்லாம் நிலம்பூர் கோவிலகம் என்ற நிலப்பிரபுக் குடும்பத்தின் ஜன்மம், அதாவது பரம்பரைச் சொத்து. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் தோண்டக் கம்பெனிகள் வந்தன, தங்கம் பெரிதாகக் கிடைக்கவில்லை, ஆனால் காபி, தேயிலை என்று தோட்டங்கள் நிலைத்துவிட்டன. 1969-இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம், அதன் பின்னாலேயே வழக்குகள். 2007-இல் முதுமலை புலிகள் காப்பகமானது. இத்தனை மாற்றத்திலும் யாரிடம் காகிதம் இருந்ததோ அவரைக் கேட்டார்கள், காகிதமே வைத்துக்கொள்ளாமல் காட்டை நம்பி இருந்தவரைக் கேட்கவில்லை. நாங்கள் வந்து இறங்கிய லயமும் அப்படிப்பட்ட ஒரு மண்ணில்தான் நிற்கிறது. எங்களை விரட்டினார்கள், நாங்கள் வந்தோம், அதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே ஒதுங்கினார்கள். இதை மனதில் ஏற்றிக்கொண்டு போனால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவுத் திருவிழா நடக்கும். ஒரு காலத்தில் அங்கேதான் ஜன்மிமார் என்ற நிலக்காரர்கள் முன்பணம் கொடுத்து, தெய்வத்தின் முன்னால் சத்தியம் வாங்கி, பணியரை ஒரு வருஷ வேலைக்கு எடுத்துப்போவார்கள். கூலி நெல்லாக அளப்பார்கள், அதற்கு வல்லி என்று பெயர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். அப்போது பதினைந்து வயதில் இருந்தவர் இன்றைக்கும் காலனியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் 2003 பிப்ரவரியில் வயநாட்டு முத்தங்காவில் நிலம் கேட்டுக் காட்டுக்குள் குடிசை போட்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. அன்றைக்கு அம்மா இடுப்பில் இருந்த பிள்ளைக்கு இப்போது இருபத்து சொச்சம் வயது. ஆக, பழைய கதை என்று நாம் நினைப்பது அவர்களுக்கு நேற்று நடந்தது.

இது நம் ஊரில் மட்டும் இருக்கிற விஷயமும் இல்லை. அமெரிக்காவில் லக்கோட்டா இனத்தில் பிறந்த சமூகப் பணியாளர் மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட்தான் இதற்கு ‘வரலாற்றுக் காயம்’ என்று பெயர் வைத்துப் பேசத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1890-இல் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படையினர் லக்கோட்டா மக்களைச் சுட்டுக் கொன்றார்கள், அந்தத் துக்கத்தை முறைப்படி அழுது தீர்க்கக்கூட விடவில்லை. அழுது முடியாத துக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்றார். கனடாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்தார்கள், கடைசிப் பள்ளி மூடியது 1990-களில்தான். அம்மா அப்பாவோடு வளராத பிள்ளை பெரியவனாகி அப்பாவாகும்போது, எப்படி அப்பாவாக இருப்பது என்றே தெரியாமல் நிற்கிறான். நம் உண்டு உறைவிடப் பள்ளிகளில் வேலை செய்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது யோசித்துப் பாருங்கள். வாரம் ஒரு தடவை வீட்டோடு போனில் பேச விடுங்கள், பாட்டியோ மாமாவோ பார்க்க வந்தால் கேட்டிலேயே நிறுத்தாதீர்கள், வீட்டு மொழியில் பேசினால் அடக்காதீர்கள்.

காலனிக்குப் போனதும்

காக்கி நிறத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஜீப்பில் போய் இறங்காதீர்கள். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் ஜீப் சத்தம் கேட்டதும் பின்பக்கத் தோட்டத்துக்குள் இறங்கி மறைகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடந்து போங்கள். வேலை முடிந்து, குளித்து, அடுப்பு மூட்டுகிற நேரத்துக்குப் போங்கள். முதலில் ஊர்ப் பெரியவரான மூப்பரைப் பார்த்து, இன்னார், இதற்காக வருகிறேன், வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லி அதை ஒருவர் கேட்டுக்கொண்டதே பல பேருக்குப் புதிதாக இருக்கும்.

கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லாதீர்கள். எத்தனையோ வருஷமாக அவர்கள் கையால் வாங்கிக் குடிக்காதவர்கள் வந்து போன இடம் அது.

அப்புறம் ‘நீங்க’. நம் ஊரில் பத்து வயதுப் பையன் அறுபது வயதுப் பணியரை ‘வாடா’ என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள், ஒருவேளை நாமே சின்ன வயதில் கூப்பிட்டிருப்போம். அண்ணா, அக்கா, பாட்டி, சேச்சி, எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள், ஆனால் மரியாதையோடு. ஆயிரம் ஆலோசனை சொல்லிவிட்டு ‘நீ’ போட்டால் அத்தனையும் வீண்.

முதல் நாலைந்து தடவை கேள்வியே வேண்டாம். நான் முதல் தடவை நோட்டுப் புத்தகத்தோடு போய், ஒரு பாட்டியிடம், “உங்க காலத்துல ஆளுங்கள விலைக்கு எடுப்பாங்களாமே, நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் காயத்தைக் கிளறிவிட்டு நான் பஸ் ஏறிப் போய்விட்டேன், அவரோ அந்த ராத்திரியை அதோடு கழித்திருப்பார். காயத்தை வாயால் சொன்னால்தான் ஆறும் என்று ஒரு நம்பிக்கை படித்தவர்களிடம் இருக்கிறது. எல்லாருக்கும் அப்படி இல்லை. பாதுகாப்பான ஆள், பாதுகாப்பான இடம் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு சொல்வது வேறு, கேட்டதற்காகச் சொல்வது வேறு. போட்டோ, ரெக்கார்டிங், படிவம் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். கதையைத் திரும்பத் திரும்ப சொல்ல வைத்தால் அந்த நாளையே திரும்ப வாழ வைப்பதாகிவிடும்.

பேச்சு

யாரும் உங்களிடம் ‘எனக்கு மன அழுத்தம்’ என்று சொல்ல மாட்டார்கள். நெஞ்சு படபடக்குது, தலை கனமா இருக்கு, கை கால் ஓய்ஞ்சு போச்சு, சோறு இறங்கல, ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்குறான், பயந்துட்டான், இப்படித்தான் வரும். அதே சொல்லில் பதில் பேசுங்கள். “எப்ப இருந்து படபடப்பு? யாரு வந்தா அதிகமாகுது? யாரு பக்கத்துல இருந்தா குறையுது?” இந்த மூன்றாவது கேள்விதான் எனக்கு எப்போதும் பயன்பட்டிருக்கிறது. அத்தை பக்கத்தில் இருந்தால் குறைகிறது என்றால் மருந்தில் பாதி அந்த அத்தைதான்.

மொழி தெரியாவிட்டால் அவர்களிலேயே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதில் நம் கூடலூருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1990-இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள், காலனிகளில் சுகாதாரப் பணியாளராகவும் இருக்கிறார்கள். உங்களால் பத்து வருஷத்தில் போய்ச் சேர முடியாத இடத்துக்கு அவர்கள் ஒரே நாளில் போவார்கள். அதனால் ‘நான் போய் பேசுகிறேன்’ என்பதற்கு முன்னால் ‘அந்த அக்காவுக்கு நான் என்ன செய்து தரலாம்’ என்று கேளுங்கள். வண்டிச் செலவா, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதா, அரசு ஆபீசில் ஒரு மனு எழுதிக் கொடுப்பதா, அதைச் செய்யுங்கள்.

அவர்கள் முறைகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். சாவு வீட்டில் துடி மேளம் கொட்டி, முன்னோரை அழைத்து, எல்லோரும் கூடி இருந்து செய்கிற சடங்குதான் அழுகைக்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறது. அந்த வாசலை அடைத்ததால் வந்த வினையைத்தான் லக்கோட்டா அம்மையார் பேசினார். நியூசிலாந்தில் மாவோரி மருத்துவர் மேசன் டூரி 1980-களில் ஒரு மனிதரின் நலத்தை நாலு சுவர் உள்ள வீடாகச் சொன்னார்: உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா. ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு சாயும். நான் யாரையாவது பார்த்துவிட்டு வந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து இந்த நாலையும் யோசிப்பேன், எந்தச் சுவரை நான் பார்க்கவே இல்லை என்று. ஒரு தடவை சோம்பேறி என்று பேர் வாங்கிய ஒரு பையனுக்கு இருந்தது ரத்தத்தில் சிக்கிள் செல் நோய். நம் பகுதி ஆதிவாசிகளிடம் அது உண்டு, எலும்பெல்லாம் உடைகிற மாதிரி வலிக்கும். அவனைக் கவுன்சலிங் கொடுத்து வேலைக்கு அனுப்பியிருந்தால் எவ்வளவு பெரிய பாவம்! வலிப்பு, கடும் வலி, பல நாள் தூக்கமே இல்லாமை, காதில் குரல் கேட்பது, பெற்ற பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்காத தாய், திடீரென்று பேச்சை நிறுத்திய குழந்தை, இதற்கெல்லாம் பூசையும் நடக்கட்டும், அதே வாரத்தில் மருத்துவமனைக்கும் கூட்டிப் போங்கள். கூடவே போங்கள். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் கவுன்டரில் ஒரு அதட்டல் விழுந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். அதட்டல் விழத்தான் விழும், நான் பார்த்திருக்கிறேன்.

குடியைப் பற்றி

குடிக்கிறான் என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. ஏன் ஆடி மழையில் அதிகம் குடிக்கிறான் என்று கேட்பதில்லை. தேவாலா மழை தெரியும்தானே, வாரக்கணக்கில் வேலை இருக்காது, வீட்டுக்குள் ஈரம், கையில் காசில்லை, குடகுக்கு இஞ்சி வேலைக்குப் போனவன் திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருப்பான். அந்த மாதங்களில்தான் நாம் அடிக்கடி போக வேண்டும், நாமோ மழை என்று போவதை நிறுத்திவிடுகிறோம். குடித்திருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள், மறுநாள் காலையில் போங்கள். “நேத்து ஏன் குடிச்சீங்க” என்பதைவிட “நேத்து ராத்திரி எப்படி இருந்துச்சு அண்ணா” என்பது கதவைத் திறக்கும். பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் ஆஸ்பத்திரி மேற்பார்வையில் நிறுத்துவதுதான் சரி. வீராப்பாகச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் வாங்கி வேலைக்கு எடுத்த பரம்பரைக்கதை அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

உயிர் ஆபத்து என்றால்

இனி இருந்து என்ன, போய்ச் சேர்ந்தால் நல்லது என்கிற மாதிரி பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு, யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பாரம் குறைவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, களைக்கொல்லி எதுவும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது, பக்கத்துத் தோட்டத்து ஷெட்டையும் பூட்டச் சொல்லுங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இரவு பகல் எந்த நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பணிய மொழி தெரிந்தவர் எதிர்முனையில் இருப்பார் என்று நம்ப வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஏதாவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு, குடித்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைத்து, அதில் போன உயிர்கள் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை. இதை எல்லாம் நல்லபடியாக இருக்கும்போதே காலனியில் சொல்லி வையுங்கள்.

பட்டாவும் சிகிச்சைதான்

இதைச் சொன்னால், மனநலத்துக்கும் நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சாண்ட்லர், லலோண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். அங்கே பூர்வகுடி இளைஞர்களின் தற்கொலை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. தங்கள் நிலத்துக்காகப் போராடுகிற, பள்ளியும் சுகாதாரமும் தங்கள் கையிலேயே இருக்கிற, தங்கள் பண்பாட்டுக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிற ஊர்களில் மிகக் குறைவு, இவை எல்லாமே இருந்த ஊர்களில் அவர்கள் பார்த்த வருஷங்களில் ஒன்றுகூட இல்லை. எதுவும் இல்லாத ஊர்களில்தான் மிக அதிகம். இது நமக்கு எவ்வளவு பெரிய செய்தி! தைரியம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தை அப்படியே விட்டால் அந்தத் தைரியம் எத்தனை நாளைக்கு?

அதனால் கையில் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறார்களா, கிராம சபை கூடியதா, சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளை படிப்பை நிறுத்தியதா, இதைக் கேளுங்கள். அடித்தார்கள், சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 14566-இல் புகார் சொல்லலாம், இலவச வக்கீலுக்கு 15100. அவர்கள் விரும்பினால் மட்டும். முடிவு அவர்களுடையது, எழுத்து வேலை நம்முடையது. பள்ளியில் ‘பணியன்’ என்பதை வசவாகச் சொல்கிற பிள்ளைகள் இருந்தால் அதை நிறுத்த வேண்டியது ஆசிரியர். அதற்கு எந்த ஹெல்ப்லைனும் தேவையில்லை.

வருவேன் என்று சொன்ன நாளில் வாருங்கள். வியாழன் என்றால் வியாழன், மழையானாலும். வர முடியாவிட்டால் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களின் வரிசை அங்கே ரொம்ப நீளம், அதில் நாமும் போய் நிற்க வேண்டாம். உங்களுக்கே பாரமாக இருந்தால் யாரிடமாவது பேசுங்கள், காலனிக் கதையைச் சொல்லாமல் உங்கள் பாரத்தை மட்டும்.

அன்றைக்கு எழுந்து உள்ளே போன பாட்டி, மூன்றாவது மழைக்காலத்தில், நான் கேட்காமலேயே பேசினார். பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டே, வல்லி அளக்கிற நாளில் தன் அம்மா மரக்கால் மேல் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பதையும், வாயைத் திறந்து கேட்க மாட்டார் என்பதையும் சொன்னார். பேத்தி, “ஏன் கேக்கல?” என்றாள். பாட்டி அவளுக்குத்தான் பதில் சொன்னார், எனக்கு இல்லை. அந்த மாதிரி நேரத்தில் எழுதாதீர்கள், தலையாட்டாதீர்கள், அடுத்த கேள்வி கேட்காதீர்கள். சாயா ஆறிப்போனாலும் பரவாயில்லை, அப்படியே உட்கார்ந்திருங்கள்.